அசையும் நாதத்தைப் பிடித்துவைத்த வரலாறு

சிற்றலை வானொலியில் தொலைதூரத்து நிலையம் ஒன்றைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஓர் அநுபவம் நன்றாக நினைவிருக்கும். பாட்டுத் தெளிவாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று மெலிந்து, கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல் ஒலித்து, மறுபடி மெல்ல மேலெழும். சொந்த ஊரை விட்டு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய தமிழர் பலர், இரவு நேரங்களில் தமிழ் ஒலிபரப்பைத் தேடிப் பிடித்த காலத்தில், இந்த ஏற்ற இறக்கத்தோடுதான் சங்கீதத்தைக் கேட்டார்கள். வானில் மிக உயரத்தே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. அவை ஒன்றையொன்று சில சமயம் வலுப்படுத்துகின்றன. சில சமயம் அழித்தும் விடுகின்றன. கேட்பவருக்கு இஃது இடையூறு. ஆயினும் இந்த இடையூற்றில் ஓர் அழகைக் கண்டு, அதை வேண்டுமென்றே உண்டாக்கும் கருவியொன்றை ஜப்பானியப் பொறியறிஞர் ஒருவர் சமைத்தார். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், இவ்வாறு ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் ஒலியைக் கணிப்பொறியில் எண்களாகப் பிடித்துவைக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறாகும். அதற்கு உதாரணமாகக் கிதார் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம்.

கிதார் இயல்பில் மெல்லிய குரலுடைய வாத்தியம். 1920களில் அமெரிக்க நடனக் குழுக்களில் பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்திற்கு நடுவே அதன் ஓசை எடுபடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் போஷாம், அடால்ப் ரிக்கன்பாக்கர் ஆகிய இருவரும் 1931, 1932ஆம் ஆண்டுகளில் இதற்கு வழி கண்டனர். இரும்புக் கம்பிகளின் அருகே காந்தத்தையும் செப்புக் கம்பிச் சுருளையும் வைத்தனர். கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியே ஆம்ப்ளிபையர் என்று எல்லோரும் வழங்கும் ஒலிபெருக்கி. அது வானொலிப் பெட்டியின் உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையாகாது. அதே வால்வுகள், அதே கண்டென்ஸர்கள், அதே மரப்பெட்டி. இத்துறையில் பெரும் புகழ் பெற்ற லியோ பெண்டர் என்பவரும் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை நடத்தியவரே.

இந்தப் பெட்டி கொடுத்ததைக் கொடுத்தபடியே பெரிதாக்கித் தருவதில்லை. வால்வுகளை அவற்றின் எல்லைவரை உழைக்கச் செய்தால் ஒலியின் முகடுகள் மழுங்கி, கரகரப்பான புதிய நாதம் ஒன்று கலந்து வரும். பொறியியல் நூல்கள் அதைக் குறை என்றன. இசைக்காரர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும், பெட்டியின் மரமும் தத்தம் பங்குக்கு ஒலிக்கு நிறம் ஏற்றின. ஆகவே ஒலிபெருக்கியே ஒரு வாத்தியமாயிற்று. பழைய பெட்டிகளை இன்றும் பலர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுவது இதனாலேதான்.

இனி அசைவுக்கு வருவோம். ஓர் ஒலியின் ஏதேனும் ஒரு பண்பை மற்றொரு மெதுவான அலையைக் கொண்டு மாற்றிக்கொண்டே இருப்பதைப் பௌதிக நூலார் பண்பேற்றம் என்பர். வானொலி நிலையங்கள் நடப்பதே இந்தத் தத்துவத்தால்தான். ஒலியின் பருமன் விநாடிக்குச் சில தடவை கூடிக் குறைந்தால் அது வீச்சுப் பண்பேற்றம். மேனாட்டுச் சங்கீதத்தில் ட்ரெமலோ எனப்படும். சுருதி மேலும் கீழும் ஊசலாடினால் அது அதிர்வெண் பண்பேற்றம். அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர். நம் சங்கீதத்தில் கம்பிதம் என்னும் கமகத்தைக் கேட்ட காதுக்கு இரண்டாவது புதிதன்று. ஆனால் கம்பிதம் விரலின் வேலை. ராகத்திற்கும் ஸ்வரத்திற்கும் ஏற்ப அதன் வேகமும் அளவும் மாறும். ஒலிபெருக்கியின் அசைவோ யந்திரத்தின் வேலை. வாசிப்பவர் நிறுத்தினாலும் அது உள்ளே தன் பாட்டில் கடிகாரம்போல ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேற்றுமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்பாடு வரும் சங்கடங்களுக்கெல்லாம் இதுவே மூலம்.

முதலில் வந்த கருவிகளுள் ஒன்று வேடிக்கையானது. ஹாரி டிஆர்மண்ட் என்பவர் 1940களில் செய்த ட்ரெமலோப் பெட்டியில் மின்சாரம் கடத்தும் திரவம் ஒரு சிறு குப்பியில் அடைக்கப்பட்டிருந்தது. மோட்டார் அந்தக் குப்பியை ஆட்டும். திரவம் தளும்பி உள்ளிருக்கும் ஊசியைத் தொடுந்தோறும் ஒலியின் ஒரு பகுதி தரைக்குப் போய்விடும், ஒலி தாழும். தளும்பல் விலகினால் ஒலி எழும். போ டிட்லி என்னும் நீக்ரோ இசைவாணர் — அக்காலத்து வழக்குச் சொல் அது. இன்று கறுப்பின அமெரிக்கர் என்கிறோம் — இக்கருவியைத் தம் பாணியின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்.

விரைவிலேயே இந்த நடுக்கம் ஒலிபெருக்கியின் உள்ளேயே குடிபுகுந்தது. பெண்டர் கம்பெனியார் 1955இல் ட்ரெமலக்ஸ் என்ற பெட்டியையும், 1956இல் வைப்ரலக்ஸ் என்ற பெட்டியையும் வெளியிட்டனர். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு விந்தை புலனாகிறது. முதற்பெட்டியின் பெயர் பொருத்தமானது. இரண்டாவதன் பெயர் சுருதி அசைவைக் குறித்தாலும் அது செய்ததோ பருமனை அசைப்பதுதான். 1960களில் வந்த புகழ்பெற்ற பெட்டிகளின் முகப்பில் வைப்ரேட்டோ என்று பொறித்திருந்தார்கள். அவற்றில் இருந்தது ட்ரெமலோ. இதற்கு நேர்மாறாக, 1954இல் அதே கம்பெனியார் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ட்ரெமலோ என்று பெயரிட்டார்கள். இரு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. சொல்லை நம்பிப் பொருளை நிச்சயிக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எம் அலுவற் கோப்புகளிற்கூடக் கிடைப்பது அரிது.

நடுக்கத்தை உண்டாக்கும் முறைகளும் பலவாயின. சில பெட்டிகளில் ஒரு சிறு நியான் விளக்கு விட்டுவிட்டு எரியும். அதனருகே ஒளி பட்டால் மின்தடை குறையும் சில்லு ஒன்று இருக்கும். இரண்டையும் வெளிச்சம் புகாத கறுப்பு உறையில் இட்டு மூடியிருப்பார்கள். விளக்கு மினுங்க மினுங்க ஒலி தாழ்ந்து எழும். வேறு சில சிறிய பெட்டிகளில் ஸ்பீக்கரை ஓட்டும் இறுதி வால்வுகளின் இயக்க நிலையையே அசைத்துவிடுவார்கள். இம்முறையில் நடுக்கத்தையும் கரகரப்பையும் தனித்தனியாகப் பிரிக்கவே இயலாது. பலமாக மீட்டினால் நடுக்கம் அடங்கும். ஓசை தேயத் தேய நடுக்கம் மேலெழுந்து கேட்கும். வாசிப்பவரும் பெட்டியும் ஒருவரோடொருவர் உரையாடுவது போன்றதோர் உணர்ச்சி அதில் உண்டு. 1960ஐ ஒட்டி வந்த சில பெண்டர் பெட்டிகளில் தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் இரு கூறாக்கி, ஒன்று தாழும்போது மற்றொன்று எழும்படி அமைத்தனர். இஃது ஏறக்குறைய சுருதியே அசைவதுபோன்ற மயக்கத்தைத் தந்தது.

உண்மையாகவே சுருதியை அசைத்த பெட்டி மாக்னட்டோன் என்னும் பெயருடையது. மின்னழுத்தத்திற்கேற்பத் தடை மாறும் சில்லுகளைக் கொண்டு டான் பானம் என்பவர் வகுத்த சுற்றமைப்பு 1957இல் அதில் இடம்பெற்றது. பட்டி ஹாலி போன்ற பெயர்பெற்ற பாடகர்கள் அதைப் பயன்படுத்தினர். ஆயினும் செய்வதற்குச் செலவு மிகுதி; அதனால் அது பெண்டர் பெட்டிகளைப்போல் பரவவில்லை.

மின்சுற்றை விட்டு, ஸ்பீக்கரையே சுழற்றிவிட்டால் என்ன என்று எண்ணியவர் டொனால்ட் லெஸ்லி. சிகாகோவைச் சேர்ந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் மின் ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாதாகோயில்களில் பெரிய குழாய் ஆர்கன் எழுப்பும் ஒலி பல திசைகளிலிருந்து வந்து காற்றில் அலையும். ஹாமண்டின் ஆர்கனோ ஒரே பெட்டியிலிருந்து அசைவின்றி ஒலித்தது. லெஸ்லிக்கு அந்த அசைவின்மை பொறுக்கவில்லை. 1940ஐ ஒட்டி அவர் செய்த பெட்டியில் மேலே ஒரு கொம்பும் கீழே ஓர் உருளையும் மோட்டாரால் சுழன்றன. மேலே தோன்றும் இரண்டு கொம்புகளில் ஒன்றிலிருந்துதான் ஒலி வரும். மற்றது எடையைச் சமன் செய்வதற்காக வைத்த வெறுங்கொம்பு. நம்மை நோக்கி வரும் ஒலியின் சுருதி உயர்ந்தும் விலகிச் செல்லும் ஒலியின் சுருதி தாழ்ந்தும் கேட்கும் என்பது 1842இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்த விதி. ரயில் ஊதல் நம்மைக் கடந்து போகும்போது இதை எல்லோரும் கேட்டிருப்போம். வேகமாகச் சுழலும்போது அந்தக் கொம்பு நிமிஷத்திற்குச் சுமார் 400 சுற்றுச் சுற்றும். சுருதி, பருமன், ஒலி புறப்படும் திசை ஆகிய மூன்றும் ஒருசேர அசையும்.

ஹாமண்ட் கம்பெனியாருக்கு லெஸ்லி தம் பெட்டியைக் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் தாமே செய்து விற்றார். ஆர்கன் வாங்கியவர்களோ இந்தப் பெட்டி இல்லாமல் திருப்தியடையவில்லை. நெடுங்காலம் கழித்து, 1980இல், அந்தப் பெயரை ஹாமண்ட் கம்பெனியாரே விலைக்கு வாங்கினார்கள் என்பது வியாபார உலகத்தின் விளையாட்டு.

ஆர்கனுக்கென்று பிறந்த பெட்டி கிதாருக்கும் குரலுக்கும் வந்து சேர்ந்தது. 1966இல் லண்டன் ஒலிப்பதிவு நிலையத்தில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன், தம் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் கேட்க வேண்டும் என்றாராம். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்னும் பாட்டிற்காக அவர் குரலை லெஸ்லி பெட்டிக்குள் செலுத்திப் பதிவு செய்தார்கள். தம்மைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மைக்கைச் சுற்றிச் சுழற்றினாலும் சரி என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பெட்டியைச் சுழற்றியது எல்லோருக்கும் சௌகரியமாயிற்று.

இனி முன்பு சொன்ன ஜப்பானியரிடம் திரும்புவோம். பூமியோ மியேடா என்பது அவர் பெயர். ஷின்ஏய் என்னும் கம்பெனிக்காக 1960களின் பிற்பகுதியில் அவர் வகுத்த கருவி யூனிவைப். அது லெஸ்லி பெட்டியைக் காப்பியடித்தது என்பது பரவலான கருத்து. ஆனால், மாஸ்கோ வானொலியைக் கேட்கும்போது அயனி மண்டலத்தால் ஒலிக்கு ஏற்பட்ட அலைவே தமக்குத் தூண்டுதலாயிற்று என்று மியேடா பின்னாளில் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அதன் உள்ளே நடுவில் ஒரு சிறு மின்விளக்கு. அதைச் சுற்றி ஒளிக்குத் தடை மாறும் நான்கு சில்லுகள். விளக்கின் இழை சூடேறவும் ஆறவும் சற்று நேரம் பிடிக்கிறது. அதனால் அசைவு சீராக இல்லாமல், மூச்சு வாங்குவதுபோல், ஏறும் வேகம் ஒன்றாகவும் இறங்கும் வேகம் வேறாகவும் இருக்கும். அந்தக் கருவியின் அழகே அதுதான். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை வாசித்தார். அதன் பின்னர் உலகம் முழுவதும் அது தெரிந்தது.

வால்வும் விளக்கும் சுழலும் கொம்பும் கடந்து, சில்லுக் காலம் வந்தது. 1969இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்னும் இருவர் ஒரு புதிய மின்சில்லை உண்டாக்கினர். தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து மனிதர் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, அந்தச் சில்லில் ஒலியின் துளித்துளி மின்னூட்டம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாறும். அதனால் அதற்கு வாளி வரிசை என்றே பெயர் வைத்தார்கள். கைமாற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒலி தாமதிக்கும் நேரமும் மாறும். தாமதம் மாறும்போது சுருதி அசையும்.

இந்தச் சில்லை வைத்து ரோலண்ட் கம்பெனியார் 1975இல் ஜேஸி-120 என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டனர். 60 வாட் வீதம் இரண்டு ஒலிபெருக்கிச் சுற்றுகள். 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. ஒரு ஸ்பீக்கரில் கிதாரின் ஒலி உள்ளபடியே வரும். மற்றதில் சற்றே தாமதித்துச் சுருதி அசைந்த ஒலி வரும். இரண்டும் பெட்டிக்குள் கலப்பதில்லை. அறையின் காற்றிலே, கேட்பவரின் காதுக்கு அருகிலே கலக்கின்றன. ஒருவர் பாட, மற்றொருவர் அவரோடு ஏறக்குறைய ஒத்துப் பாடினால் பிறக்கும் செறிவு அதில் உண்டாகிறது. இதற்குக் கோரஸ் என்று பெயர். இவ்வளவு எளிய தந்திரம் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றதற்கு, கலவையைக் காற்றிடமே விட்டுவிட்ட இந்த அடக்கமே காரணம் என்பது நம் கருத்து.

இப்படிச் சேர்ந்த செல்வத்திற்கு ஆயுள் அற்பம். வால்வுகள் தேய்கின்றன. கண்டென்ஸர்கள் உலர்ந்து போகின்றன. ஒளிக்குத் தடை மாறும் பழைய சில்லுகளில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் அதன் பயனை 2006 முதல் கட்டுப்படுத்தியது. ஒரே வருஷத்தில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு பெட்டிகளும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இருவேறு குரலில் பேசுகின்றன. ஒரு பெட்டி அழிந்தால் அதன் குரலும் அழிகிறது. அதைக் காப்பாற்றி வைக்கவே எண்முறைப் பதிவு, அதாவது டிஜிட்டல் பதிவு, தேவைப்பட்டது.

பாட்டைப் பதிவு செய்வதையும் பெட்டியைப் பதிவு செய்வதையும் ஒன்றென எண்ணலாகாது. பாட்டைப் பதிய, காற்றின் அழுத்தத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிவைத்தால் போதும். 1982இல் வந்த ஒலித்தகடுகள் அவ்வாறே செய்தன. பெட்டியைப் பதிவதோ, நாளை எவர் எதை வாசித்தாலும் அந்தப் பெட்டி அதற்கு என்ன மறுமொழி சொல்லியிருக்கும் என்பதைப் பதிவதாகும். ஒருவர் பேசிய வாக்கியங்களைக் குறித்துக்கொள்வது எளிது. அவர் இனிப் பேசக்கூடியவற்றையும் அறிந்துவைப்பது எளிதாகுமா?

முதலில் வந்தவர்கள் பெட்டியின் சுற்றமைப்பை ஆராய்ந்து, அதற்கான சமன்பாடுகளைக் கணிப்பொறிக்குக் கற்பித்தார்கள். ரோலண்ட் கம்பெனியாரின் வீஜி-8 கருவி 1995இலும், லைன் 6 கம்பெனியாரின் முதல் ஒலிபெருக்கி 1996இலும், சிவப்பு நிற அவரை விதை வடிவத்தில் மேஜைமேல் உட்காரும் பாட் என்னும் கருவி 1998இலும் வந்தன. இவற்றில் நடுக்கம் தனியாக எழுதிச் சேர்க்கப்பட்ட ஒரு பகுதி. மூலப் பெட்டியின் நடுக்கம் அன்று.

மற்றொரு சாரார் அளந்து பதியும் வழியில் சென்றனர். ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு தடவை கை தட்டினால், அதன் எதிரொலி முழுவதும் அந்த மண்டபத்தின் இயல்பைச் சொல்லிவிடும். அந்த எதிரொலியை எண்களாக வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டையும் கணிதத்தால் அந்த மண்டபத்திற்குள் பாடவைக்கலாம். கைதட்டலுக்குப் பதிலாக, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை வழுக்கிச் செல்லும் ஒலியை அனுப்பி அளக்கும் சிறந்த முறையை இத்தாலி தேசத்துப் பார்மா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலோ பரினா 2000இல் விளக்கினார். ஸ்பீக்கர் பெட்டிகளின் நிறத்தைப் பிடிக்க இம்முறை மிகவும் உதவுகிறது.

ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒலியை இரட்டித்துக் கொடுத்தால் மறுமொழியும் இரட்டிக்க வேண்டும். இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் மறுமொழி ஒன்றாகவே இருக்க வேண்டும். எல்லையில் உழைக்கும் வால்வு முதல் நிபந்தனையை மீறுகிறது. நடுங்கும் பெட்டி இரண்டாவதை மீறுகிறது. 1838இல் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றை லூயி டாகேர் படம் பிடித்தார். ஒளி பதியச் சில நிமிஷங்கள் பிடித்தமையால், வண்டிகளும் ஜனங்களும் நிறைந்திருந்த அந்த வீதி வெறிச்சோடிக் கிடப்பதாகப் படத்தில் விழுந்தது. மூலையில் அசையாமல் நின்று பாதரக்ஷைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பதிந்தார். நடுங்கும் ஒலிபெருக்கியை இம்முறையில் அளந்தாலும் இதுவே கதி. அசையாத பகுதி பதியும். அசைவு கலங்கி மறையும்.

முதல் நிபந்தனையின் தடையை வென்றவர்கள் பலர். ஜெர்மனியில் கிறிஸ்டோப் கெம்பர் என்பவரின் கருவி 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அது விதவிதமான சோதனை ஒலிகளை உண்மைப் பெட்டிக்கு அனுப்பி, வரும் மறுமொழியைக் கொண்டு கரகரப்பையும் சேர்த்து அதன் சாயலை அமைத்தது. பின்னர்ச் செயற்கை நரம்புவலை வந்தது. மனிதப் பேச்சை உண்டாக்க லண்டனிலுள்ள டீப்மைண்ட் கூடத்தார் 2016இல் வகுத்த வேவ்நெட் என்னும் வலையை, பின்லாந்து தேசத்து ஆல்டோ பல்கலைக்கழகத்தார் வால்வு ஒலிபெருக்கிக்குப் பொருத்தி 2019இல் கட்டுரை வெளியிட்டனர். பெட்டிக்குள் சென்ற ஒலியையும் வெளிவந்த ஒலியையும் சில நிமிஷங்கள் பதிந்து கணிப்பொறிக்குக் கொடுத்தால் போதும். உள்ளே என்ன வால்வு, என்ன சுற்று என்று அதற்குத் தெரிய வேண்டுவதில்லை. சென்றதற்கும் வந்ததற்கும் உள்ள உறவை ஆயிரக்கணக்கான முறை முயன்று அது தானே கற்றுக்கொள்கிறது. 2020களின் தொடக்கத்தில் இத்தகைய நிரல் ஒன்று விலையின்றி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தம் வீட்டுப் பெட்டியைப் பதிந்து பிறரோடு பகிர்ந்துகொள்ளும் அன்பர்கள் உலகெங்கும் பெருகினர்.

எனினும் இந்த வலையும் நடுக்கத்தின் முன் திகைத்து நின்றது. காரணம் முன்பே கூறியதுதான். பெட்டியின் உள்ளே ஓடும் கடிகாரம் வாசிப்பவரைக் கேட்டு ஓடுவதில்லை. ஒரே ஸ்வரத்தை ஒரே வலிமையில் இருமுறை மீட்டினாலும், முதன்முறை கடிகாரம் ஏறுமுகத்திலும் மறுமுறை இறங்குமுகத்திலும் இருக்கக்கூடும். வலைக்குத் தெரிவது உள்ளே சென்ற ஒலி மாத்திரமே. ஒரே கேள்விக்கு இருவேறு விடைகளைக் கண்ட மாணவனைப்போல அது இரண்டின் சராசரியைச் சொல்லிவிடுகிறது. சராசரியில் நடுக்கம் இல்லை. இதனாலேயே, பெட்டியைப் பதியும்போது நடுக்கத்தை அணைத்துவிட வேண்டும் என்பது பொது விதியாயிற்று. சேமிக்கப்பட்ட பதிவுகளில் மிகப் பல இவ்வாறு அசைவு நீக்கப்பட்டவையே. எந்த நடுக்கத்திற்காக அந்தப் பெட்டி விரும்பப்பட்டதோ, அது வெளியே நிறுத்தப்பட்டது. பின்னர் வேறொரு நடுக்கத்தை மேலே பூசிக்கொள்கிறார்கள். ஒளிச்சில்லு வகைப் பெட்டிகளுக்கு இஃது ஓரளவு பொருந்தலாம். இறுதி வால்வையே அசைக்கும் பெட்டிகளுக்குச் சிறிதும் பொருந்தாது.

இந்தச் சிக்கலுக்கு 2019இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டினெஸ் ராமிரெஸ், ரெய்ஸ் முதலியோர் ஒரு வழி காட்டினர். ஒலியின் நீண்ட பகுதியை ஒருசேர நோக்கி, அசைவின் போக்கை வலையே ஊகித்துக்கொள்ளும்படி அவர்கள் அமைத்தனர். ஆல்டோவின் அலெக் ரைட், வேசா வாலிமாக்கி ஆகிய இருவரும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முறையோ நம் மனத்திற்கு மிகவும் உகந்தது. அவர்கள் முதலில் கடிகாரத்தைத் தேடினார்கள். சிட்டுக்குருவிகள் வரிசையாகக் கீச்சிடுவதுபோன்ற குறுகிய ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிக்குள் அனுப்பினார்கள். ஒவ்வொரு கீச்சும் கருவியின் அந்தக் கணத்து நிலையை ஒரு படமாக எடுத்துத் தந்தது. படங்களை அடுக்கிப் பார்த்தபோது மறைந்திருந்த மெதுவான அலையின் வேகமும் வடிவமும் வெளிப்பட்டன. பிறகு வலைக்குக் கிதாரின் ஒலியோடு அந்த அலையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு விடைகளுக்கும் காரணம் தெரிந்தவுடன் மாணவன் தெளிந்தான். அதுவுமன்றி, கற்று முடிந்தபின் அந்த அலையை வேண்டியபடி விரைவாக்கியும் மெதுவாக்கியும் கொடுக்கலாம்; வலை அதற்கேற்ப நடுங்குகிறது. டாகேரின் வீதியில் வண்டிகளும் ஜனங்களும் மீண்டும் நடமாடத் தொடங்கினார்கள் எனலாம்.

இம்முறையிலும் செய்ய வேண்டியது மீதி உண்டு. கடிகாரம் சீராகத் திரும்பத் திரும்ப ஓடினால்தான் அதை அளக்க எளிது. நிறுத்தும்போதும் கிளம்பும்போதும் மெல்ல மெல்ல வேகம் மாறும் லெஸ்லியின் கொம்பு அவ்வளவு எளிதில் வசப்படாது. ஜேஸி-120 பெட்டிக்கு முன்னே ஒரே ஒரு மைக்கை நெருக்கி வைத்தால், உள்ளபடியான ஒலி மட்டுமோ அசைந்த ஒலி மட்டுமோதான் கிடைக்கும். காற்றில் நிகழும் கலவை கிடைக்காது. இரு ஸ்பீக்கர்களையும் தனித்தனியே பதிந்து, கேட்கும் அறையிலும் இரண்டு ஸ்பீக்கர்களால் ஒலிக்கச் செய்வதே நேர்மையான வழி.

இன்று இப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களின் சேமிப்புகளில் ஒரு குறையை நாம் காண்கிறோம். பதிவு இருக்கிறது, அதைப் பற்றிய குறிப்பு இல்லை. எந்த ஆண்டுப் பெட்டி, நடுக்கத்தின் வேகத் திருகும் அளவுத் திருகும் எங்கே நின்றன, வால்வுகள் மூலத்தினவா மாற்றியவையா, சுவரிலிருந்து வந்த மின்சாரம் எத்தனை வோல்ட், மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது, நடுக்கம் அணைக்கப்பட்டிருந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கோப்போடு சேர்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பெட்டி உழைக்கும் நிலையில் இருக்கும்போதே கீச்சொலி வரிசை ஒன்றையும் அதற்குள் அனுப்பிப் பதிந்துவைத்தால், அதன் கடிகாரத்தைப் பின்னால் வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.